ரயில் திரும்பி வரும் வரை

ஒரு கார்கூட உரசாத பாதையில் 386 கிலோமீட்டர் சைக்கிள் ஓட்டலாம் என்று சொன்னால், செயின்ட் லூயிஸ் பக்கம் புதிதாகக் குடிவந்தவர்கள் முதலில் நம்புவதில்லை. நம்பியதும் கேட்கிற முதல் கேள்வி, “தார் ரோடா?” என்பதுதான். தார் இல்லை, சரளை. அதைக் கேட்டதும் பாதிப் பேருக்கு ஆர்வம் போய்விடும். மீதிப் பேர் எந்த டயர் போட வேண்டும் என்று கேட்பார்கள்.

நான் சொல்வது கேட்டி ட்ரெயில். அமெரிக்காவின் நட்டநடுவில் இருக்கும் மிசௌரி மாநிலத்தில், கிழக்கே மேக்கன்ஸ் என்ற இடத்தில் தொடங்கி மேற்கே கிளின்டன் ஊரில் முடிகிறது. பாதித் தூரத்துக்கு மேல் மிசௌரி ஆற்றை ஒட்டியே போகும். ஒரு பக்கம் செங்குத்தான சுண்ணாம்புப் பாறை, இன்னொரு பக்கம் மக்காச்சோளமும் சோயாவும் விளையும் படுகை நிலம். அதற்கும் அப்பால் மரங்களுக்குப் பின்னே ஆறு. மோட்டார் வண்டிகளுக்கு அனுமதி இல்லை. குறுக்கே வரும் ஊர்ச் சாலைகளில் மட்டும் நின்று பார்த்துக் கடக்க வேண்டும், அவ்வளவுதான்.

டயர் கேள்விக்கு வருகிறேன். சரளை என்றதும் நமக்கு மனதில் வருவது கிராவல் கொட்டிய செம்மண் ரோடு, அல்லது ஜல்லி பரப்பிவிட்டுக் காண்ட்ராக்டர் காணாமல்போன ரோடு. இது இரண்டும் இல்லை. சுண்ணாம்புக்கல்லை கிரஷரில் உடைத்து, பொடிக்கல்லும் தூளும் கலந்தே கொட்டி, ரோலர் விட்டு இறுக்கியிருக்கிறார்கள். கட்டட வேலை பார்த்தவர்கள் கிரஷர் பவுடர் என்பார்களே, ஏறக்குறைய அந்தச் சரக்கு. ஆற்றுக் கூழாங்கல் உருண்டை. எவ்வளவு அழுத்தினாலும் ஒன்றன்மேல் ஒன்று உருளும், அதன்மேல் போகும் சக்கரமும் அலையும். உடைத்த கல்லுக்கு மூலைகள் உண்டு. அவை ஒன்றோடொன்று பூட்டிக்கொள்ளும். இடையில் இருக்கும் சந்துகளைத் தூள் போய் அடைக்கும். நாலு மழை பெய்து காய்ந்தால் சுண்ணாம்புத் தூள் லேசாக இறுகியும் விடும். அடியில் பழைய ரயில் பாதையின் ஜல்லி அப்படியே கிடப்பதால் தண்ணீர் தேங்காமல் கீழே இறங்கிவிடுகிறது. அதனால் 35, 40 மில்லிமீட்டர் டயர் இருந்தால் தாராளம். காய்ந்த நாளில் 28-இல்கூடச் சமாளிக்கலாம்.

நல்ல மழை பெய்த மறுநாள் மட்டும் போகாதீர்கள். குளிர்காலம் முடிகிற சமயமும் வேண்டாம். இரவில் மண்ணுக்குள் இருக்கும் ஈரம் உறைந்து உப்பும், பகலில் இளகும். அப்போது மேல்தோல் ஈரம் காயாத சாணித் தரைபோல் ஆகிவிடும். சக்கரம் பதிந்த தடம் காய்ந்தால் அப்படியே கல்லாக நிற்கும், பின்னால் வருபவனுக்குத் தொல்லை. ஒரு மார்ச் மாதத்தில் இது தெரியாமல் போய், பத்து கிலோமீட்டர் ஓட்டியதற்கு முப்பது ஓட்டிய களைப்போடு திரும்பினேன். காய்ந்த நாளில் வேறு விஷயம்: கணுக்கால் முதல் முழங்கால் வரை திருநீறு பூசியதுபோல் வெள்ளைத் தூள். செயினிலும் அதே தூள்தான். எண்ணெயோடு கலந்து அரைக்க ஆரம்பித்துவிடும். வீட்டுக்கு வந்ததும் நீங்கள் குளிக்கும் முன் செயினைத் துடைத்துவிடுங்கள்.

அடுத்தது மேடு. மேடே இல்லை என்றுதான் சொல்ல வேண்டும். இதைச் சாதித்தது சைக்கிள்காரர்கள் அல்ல, இரும்புச் சக்கரம். இரும்புத் தண்டவாளத்தில் இரும்புச் சக்கரம் உருளும்போது உராய்வு மிகக் குறைவு. சமதளத்தில் அது பெரிய வசதி. ஏற்றத்தில் அதுவே வினை, சக்கரம் வழுக்கும். அதனால் ரயில் என்ஜினியர்கள் நூற்றுக்கு ஒன்று, மிஞ்சினால் இரண்டு என்ற சரிவைத் தாண்டாமல் பார்த்துக்கொண்டார்கள். மேட்டை வெட்டினார்கள், பள்ளத்தில் கரை எழுப்பினார்கள், ரோச்போர்ட் ஊரில் பாறையைக் குடைந்து 74 மீட்டர் சுரங்கமும் போட்டார்கள். சுரங்கம் 1893-ஐச் சேர்ந்தது. ஜூலை வெயிலில் அதற்குள் நுழைந்தால் கிணற்றுக்குள் இறங்கியதுபோல் ஒரு குளுமை. இந்த வெட்டும் கரையும் சுரங்கமும் நமக்கு இன்று இலவசம்.

சமதளம் என்றால் சுகம் என்று நினைக்க வேண்டாம். இறக்கமே இல்லாததால் மிதிப்பதை நிறுத்த வழியில்லை. மூன்று மணி நேரம் ஒரே நிலையில் உட்கார்ந்து மிதித்தால் வலி காலில் வராது, உட்காரும் இடத்தில் வரும். பூன்வில்லுக்கு மேற்கே பாதை ஆற்றை விட்டு விலகி மெல்ல மேலேறுகிறது. வின்ட்சருக்கும் கிரீன் ரிட்ஜுக்கும் நடுவே சுமார் 291 மீட்டர் உயரத்தைத் தொடுகிறது. உட்காரும் நிலை அங்கே கொஞ்சம் மாறும் என்பதால் அந்தப் பகுதிதான் எனக்குப் பிடிக்கும்.

பக்கத்து மாநிலமான கான்சஸின் ஃபிளின்ட் ஹில்ஸ் மேடுகளில் சரளைச் சாலைப் பந்தயம் நடக்கிறது. எம்போரியா ஊரில் 2006-இல் தொடங்கியது, இன்று உலகம் முழுவதும் இருந்து ஆட்கள் வருகிறார்கள். அந்தப் பந்தயக்காரர்கள் கேட்டியைச் சரளைப் பாதையாகவே மதிக்க மாட்டார்கள். அவர்கள் ஓட்டுவது விவசாயிகளின் பிக்அப் வண்டிகளும் போகிற பொதுச் சாலை. கூரான கல், நாய், புழுதி எல்லாம் அதில் உண்டு. அது ஒரு ருசி. ஆனால் எட்டு வயதுப் பிள்ளையை முன்னால் ஓட்டவிட்டுப் பின்னால் நிம்மதியாகப் போக வேண்டுமானால் வண்டி வராத பாதை வேண்டும். அப்படியொரு பாதையை நாட்டுப்புறத்தின் நடுவே நூற்றுக்கணக்கான கிலோமீட்டருக்குப் புதிதாகப் போடவே முடியாது. நிலம் யார் கொடுப்பார்கள்? ஏற்கெனவே வெட்டிவைத்த கோடு ஒன்று இருந்தால்தான் உண்டு.

அந்தக் கோடு மிசௌரி–கான்சஸ்–டெக்சஸ் ரயில்வே போட்டது. சுருக்கமாக எம்.கே.டி. அதிலும் சுருக்கி கே.டி என்று கூப்பிட்டு, அதுவே பெண்பிள்ளை பெயர்போல் கேட்டி ஆனது. ஆற்றின் வடகரையில் இவர்கள் தண்டவாளம், தென்கரையில் மிசௌரி பசிபிக் என்ற இன்னொரு கம்பெனியின் தண்டவாளம். ஒரே ஆறு, ஏறக்குறைய ஒரே ஊர்கள், இரண்டு ரயில். சரக்கு லாரிக்குப் போன காலத்தில் இரண்டும் பிழைக்க வழியில்லை. 1986 அக்டோபர் வெள்ளத்தில் வடகரைத் தண்டவாளம் அடிபட்டது. செலவழித்துச் சரிசெய்து என்ன பயன் என்று கம்பெனி கணக்குப் பார்த்தது. தென்கரைத் தண்டவாளத்திலேயே தன் வண்டிகளை விட்டுக்கொள்ள அதற்கு வழியும் இருந்தது. செடாலியாவிலிருந்து மேக்கன்ஸ் வரை ரயில் நின்றுபோனது.

இங்கிருந்துதான் கதை சிக்கலாகிறது. எனக்கு இந்தப் பாதையில் பிடித்ததே இந்தச் சிக்கல்தான்.

ரயில் கம்பெனி தன் பாதைக்கான நிலம் முழுவதையும் விலைக்கு வாங்கியிருக்கவில்லை. சில இடம் கிரயம். பல இடங்களில் நில உடைமையாளர் நிலத்தைத் தன் பெயரிலேயே வைத்துக்கொண்டு, ரயில் போக மட்டும் உரிமை கொடுத்திருந்தார். நம் பத்திரங்களில் ‘வழிநடைப் பாத்தியம்’ என்று எழுதுவோமே, அது மாதிரி. மண் அவருடையது, போகும் பாத்தியம் கம்பெனியுடையது. ரயில் கம்பெனி அந்தப் பாதையைக் கைவிட்டால் பாத்தியமும் போகும், நிலம் பழையபடி முழுதாக அவர் கைக்கு வரும். ஆக, ஒரு ரயில் பாதை செத்த மறுநாளே அது ஆயிரம் துண்டாகச் சிதற ஆரம்பித்துவிடும். ஒருவர் வேலி போடுவார், ஒருவர் உழுதுவிடுவார், ஒருவர் மாட்டுக் கொட்டகை கட்டுவார். நடுவில் நூறு மீட்டர் போனாலும் போதும், நீளமான பாதை என்ற ஒன்று அதோடு காலி.

அமெரிக்காவில் இது சின்ன விஷயமாக இல்லை. 1920-இல் 4.38 லட்சம் கிலோமீட்டர் இருந்த ரயில் பாதை, 1990 வாக்கில் 2.27 லட்சமாகச் சுருங்கியிருந்தது. வருடத்துக்கு இன்னும் 4,800 கிலோமீட்டர் கைவிடப்படும் என்று எதிர்பார்த்தார்கள். நாளைக்கே நாட்டுக்கு மறுபடியும் ரயில் தேவைப்பட்டால் அந்த நீளத்துக்கு நிலத்தை எங்கே போய்ச் சேர்ப்பது? 1968-இல் வந்த தேசியப் பாதைகள் சட்டத்தில் 1983-இல் ஒரு திருத்தம் செருகினார்கள். அதன் சாரம் இதுதான்: கைவிடப்போகும் ரயில் பாதையை ஒரு மாநில அரசோ அமைப்போ பொறுப்பெடுத்து, நடப்பவர்களுக்கும் சைக்கிளுக்கும் விட்டுவைத்தால், அதைக் கைவிட்டதாகக் கருதக் கூடாது. என்றாவது ரயில் வேண்டுமென்றால் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். கைவிடவில்லை என்றால் பாத்தியமும் போகாது. பாத்தியம் போகவில்லை என்றால் பாதை சிதறாது.

இதற்கு ரயில் பேங்கிங் என்று பெயர். பாதையை வங்கியில் போட்டு வைப்பது. தண்டவாளத்தைப் பிடுங்கியாகிவிட்டது, சிலீப்பர் கட்டைகளை விற்றாகிவிட்டது, மேலே ஜனங்கள் சைக்கிள் ஓட்டுகிறார்கள். ஆனால் சட்டத்தின் கண்ணில் அது இன்னும் ரயில் பாதை, வண்டி கொஞ்சம் தாமதம், அவ்வளவுதான். உண்மையில் ரயில் திரும்பி வந்த பாதைகளை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

நிலக்காரர்கள் சும்மா இருப்பார்களா? தாத்தா ரயிலுக்குத்தான் இடம் கொடுத்தார், ஊர் பேர் தெரியாதவர்கள் இறுக்கமான டவுசர் போட்டுக்கொண்டு வயலுக்கு நடுவே போவதற்குக் கொடுக்கவில்லை என்றார்கள். பழைய பத்திரப்படி பார்த்தால் அவர்கள் சொன்னதில் தப்பே இல்லை. கேட்டி பாதையோர நிலக்காரர்கள் கோர்ட்டுக்குப் போய் 1989-இல் மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் தோற்றார்கள். வெர்மான்ட் மாநிலத்திலிருந்து இதே மாதிரி இன்னொரு வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 1990 பிப்ரவரியில் நீதிபதிகள் அனைவரும் ஒருமனதாகச் சொன்னார்கள்: சட்டம் செல்லும். அதனால் ஒருவருடைய சொத்து பறிபோனதாக ஆனால், அவர் மத்திய அரசிடம் இழப்பீடு கேட்கலாம், பாதையை நிறுத்த முடியாது. கேட்டியின் முதல் துண்டு ரோச்போர்ட்டில் திறக்கப்பட்டது அதே வருடம் ஏப்ரலில்.

இழப்பீடு உடனே வந்துவிடவில்லை. வெர்மான்ட் வழக்கைப் போட்ட குடும்பத்துக்கு உரிமை உண்டு என்று 1996-இல் தீர்ப்பானது. கேட்டிக்காரர்களுக்கு 2000-இல்தான் சாதகமான தீர்ப்பு கிடைத்தது. பாதை வேண்டும் என்பது ஊருக்கெல்லாம் நல்லது என்றால் அதற்கான விலையை ஊர்தான் கொடுக்க வேண்டும், வயல்காரர் தலையில் கட்டக் கூடாது. பத்து வருடம் இழுத்தடித்தது மட்டும் நியாயமே இல்லை.

பணம் இன்னொரு பக்கத்திலிருந்து வந்தது. மிசௌரியைச் சேர்ந்த எட்வர்ட் ஜோன்ஸ் முதலீட்டு நிறுவனத்தை வளர்த்த டெட் ஜோன்ஸும் அவர் மனைவி பேட் ஜோன்ஸும் விஸ்கான்சின் மாநிலத்தில் எல்ராய்–ஸ்பார்டா பாதையில் போய்ப் பார்த்திருந்தார்கள். 1960-களில் உண்டானது அது, ரயில் பாதையைச் சைக்கிள் பாதையாக்குவதில் நாட்டுக்கே முன்னோடி. நம் ஆற்றங்கரையிலும் இப்படிச் செய்யலாமே என்று தோன்றி, பாதை உரிமை வாங்கவும் கட்டவும் மொத்தம் 22 லட்சம் டாலர் கொடுத்தார்கள். முதல் துண்டு திறந்த சில மாதங்களிலேயே, 1990 அக்டோபரில், டெட் ஜோன்ஸ் இறந்துபோனார். செடாலியாவுக்கும் கிளின்டனுக்கும் இடைப்பட்ட துண்டு பிறகு யூனியன் பசிபிக் ரயில்வே நன்கொடையாகக் கொடுத்தது. எம்.கே.டி-யை 1988-இல் அது விழுங்கியிருந்தது. 1993 பெருவெள்ளம் பாதையைப் பல இடங்களில் அரித்துக்கொண்டு போனது. வழியில் இருக்கும் ரைன்லாந்து என்ற சிற்றூர் அந்த வெள்ளத்துக்குப் பிறகு, வீடுகளோடு பெயர்ந்து மேட்டுக்குக் குடிபோனது. பாதைக்குப் போக வேறு இடமில்லை. மறுபடி கல் கொட்டினார்கள்.

சட்டத்தின் கண்ணில் ரயில் உயிரோடு இருக்கிறது என்பதெல்லாம் காகிதச் சங்கதிதானே என்று தோன்றலாம். பூன்வில்லில் போய்ப் பாருங்கள். அங்கே ஆற்றின் மேல் 1932-ஐச் சேர்ந்த ரயில் பாலம் நிற்கிறது. படகுகள் போக வசதியாக நடுக்கண் முழுவதும் லிஃப்ட் மாதிரி மேலே ஏறி இறங்கும். 124 மீட்டர் நீளமுள்ள அந்த இரும்புக் கண் இப்போது இரண்டு கோபுரங்களுக்கு நடுவே மேலேயே தூக்கி நிறுத்தப்பட்டிருக்கிறது. சைக்கிளில் வருபவர்கள் பக்கத்திலிருக்கும் நெடுஞ்சாலைப் பாலத்தில் தனியாகப் பிரித்த ஓரத்தில் ஏறி ஆற்றைக் கடக்கிறார்கள். ரயில் பாலத்தால் அவர்களுக்கு நேரடிப் பயன் ஒன்றும் இல்லை.

2000-களின் நடுவில் யூனியன் பசிபிக் அந்தப் பாலத்தைப் பிரித்து, இரும்பை ஓசேஜ் ஆற்றின் மேல் வேறொரு பாலத்துக்கு எடுத்துப்போக நினைத்தது. மாநில அரசின் இயற்கை வளத் துறையும் சரி என்று 2005-இல் எழுதிக் கொடுத்துவிட்டது. அப்புறம்தான் பலருக்கு வயிற்றைக் கலக்கியது. வங்கியில் போட்ட ரயில் பாதை கிழக்கிலிருந்து மேற்கு வரை ஒரே சங்கிலியாக இருக்கிறது, என்றாவது ரயில் வரலாம் என்பதுதானே மொத்த ஏற்பாட்டுக்கும் அடிப்படை? ஆற்றின் மேல் பாலமே இல்லை என்றால் ரயில் எப்படி வரும்? சங்கிலி அறுந்துவிட்டது, பாதை கைவிடப்பட்டது என்று யாராவது கோர்ட்டில் நின்றால் என்ன பதில் சொல்வது? மாநிலத் தலைமை வழக்கறிஞராக இருந்த ஜே நிக்சன் தன் அரசுத் துறையின் முடிவையே எதிர்த்து வழக்குப் போட்டார், தோற்றார். 2009-இல் அவரே மாநில ஆளுநரானார். 2010-இல் ரயில்வே இறங்கிவந்து பாலத்தை பூன்வில் நகரத்துக்கே கொடுத்துவிட்டது. 2016-இல் ஊர்ப்பக்கக் கண்களில் பலகை போட்டு, நடந்து போய்ப் பார்க்கும்படி திறந்தார்கள். தூக்கி நிற்கும் நடுக்கண்ணுக்குக் கொஞ்சம் முன்னால் கம்பி வேலி. அதைப் பிடித்துக்கொண்டு கீழே பார்த்தால் காபி நிறத்தில் ஆறு போகும். வராத ரயிலுக்காக இவ்வளவு பெரிய இரும்பு காத்துக்கொண்டு நிற்பதைப் பார்க்க எனக்குச் சிரிப்பும் வரும், கொஞ்சம் மரியாதையும் வரும்.

ரயிலால் உண்டாகி ரயிலோடு வாடிய ஊர்கள்தான் வழியெல்லாம். மார்த்தாஸ்வில், ட்ரெலோர், டெபட்ஸ், ஹார்ட்ஸ்பர்க். சிலவற்றில் சில நூறு பேர்தான் இருப்பார்கள். தானியக் களஞ்சியத்தின் துருப்பிடித்த கோபுரம், ஒரு தேவாலயம், மூடிக்கிடக்கும் மளிகைக் கடை. அதன் பக்கத்தில் சைக்கிள்காரர்களுக்கென்று திறந்த ஒரு விடுதியோ சிற்றுண்டிக் கடையோ. 2012-இல் மாநில அரசு வெளியிட்ட ஆய்வில் வருடத்துக்குச் சுமார் 4 லட்சம் பேர் வருகிறார்கள், வருடப் பொருளாதாரப் பலன் ஏறக்குறைய 1.85 கோடி டாலர் என்று கணக்கிட்டார்கள். அகஸ்டா மாதிரி ஜெர்மன் குடியேறிகளின் திராட்சைத் தோட்ட ஊர்களுக்கு அதில் நல்ல பங்கு உண்டு. டெபட்ஸ் மாதிரி ஊர்களுக்கு அவ்வளவு இல்லை. பாதை வந்தால் ஊர் பிழைக்கும் என்று பொத்தாம்பொதுவாகச் சொல்பவர்களை மே மாதத்துச் செவ்வாய்க்கிழமை ஒன்றில் இங்கே அழைத்து வர வேண்டும். சாப்பாட்டுக்கு முப்பது கிலோமீட்டர் போக வேண்டியிருக்கும். கையில் தண்ணீரும் இரண்டு வாழைப்பழமும் இல்லாமல் கிளம்பாதீர்கள்.

மெக்பெயின் பக்கம் ஒரு ஓக் மரம் நிற்கிறது. முந்நூற்றைம்பது வயதுக்கு மேல் இருக்கும் என்கிறார்கள். பாதையிலிருந்து இறங்கி வயல் ரோட்டில் கொஞ்ச தூரம் போனால் தனியாக, நாலாபக்கமும் கை விரித்தபடி நிற்கும். 2020 அக்டோபரில் இடி விழுந்து தண்டு பிளந்து உள்ளே நெருப்பே பிடித்தது. தீயணைப்பு வண்டி வந்து அணைத்தார்கள். அடுத்த வருடமும் துளிர்த்தது.

இப்போது பாதை நீள்கிறது. ராக் ஐலண்ட் என்ற இன்னொரு பழைய ரயில்வேயின் கோட்டில், வின்ட்சரிலிருந்து கான்சஸ் சிட்டி திசையில் பிளெசன்ட் ஹில் வரை 76 கிலோமீட்டர், 2016 இறுதியில் திறந்தது. கிழக்கே போகும் மிச்சக் கோட்டை மாநிலம் 2021-இல் ஏற்றுக்கொண்டது. அது சுமார் 230 கிலோமீட்டர். இதிலும் ஓரத்து நிலக்காரர்கள் எதிர்த்தார்கள், கேட்டியில் கேட்ட அதே வாதங்கள்.

கடைசியாக, போகிறவர்களுக்கு ஒரு வழி சொல்கிறேன். தென்கரையில் பிழைத்துப்போன அந்த இன்னொரு தண்டவாளம் இருக்கிறதே, அதில் செயின்ட் லூயிஸிலிருந்து கான்சஸ் சிட்டி வரை ஆம்ட்ராக் பயணிகள் ரயில் ஓடுகிறது. சைக்கிளுக்கும் முன்பதிவு செய்துகொள்ளலாம். செடாலியாவில் இறங்குங்கள். 1896-இல் கட்டிய கேட்டி ஸ்டேஷன் அந்த ஊரிலேயே, சற்றுத் தள்ளி இருக்கிறது. வாசலிலேயே சரளைப் பாதை தொடங்கிவிடும். கிழக்கே திருப்பிக்கொண்டு மிதித்தால், நாலு மணி நேரத்தில் ரயிலில் கடந்துவந்த தூரத்தை நாலு நாளில் கடந்து வீட்டுப்பக்கம் வந்து சேர்ந்துவிடலாம்.